நான் மூடித் தைத்த கிமோனோ

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம், ஓமான் நாட்டின் சோஹார் என்ற துறைமுக ஊரில் நடந்தது இது. பெண்கள் உடுப்புக்கு மேல் அணியும் நீள அங்கியான அபாயாவைத் தைத்து விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. இன்றும் அதே கடைதான், அதே மிஷின்தான்.

எனக்குச் சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று தையலுக்கு வந்தவன். சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என் சட்டை நுனியின் மேல் உட்கார்ந்துவிட்டால், அவரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அவர் இறங்குகிற ஊர் வரைக்கும் நானும் போய்விடுவேன் என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அதில் பாதி உண்மை.

எங்கள் கடையின் முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாகப் பளபளவென்று இருக்கும். நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் நானும் என் மிஷினும் இஸ்திரிப்பெட்டியும். முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். வயதில் என்னைவிட இளையவர். அரபு, ஆங்கிலம், ஹிந்தி எல்லாம் பேசுவார். அவர்தான் வாடிக்கையாளர்களிடம் அளவெடுப்பார், துணி வாங்குவார், என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். சந்தேகம் இருந்தால் நான் கேட்கலாம். கேட்க மாட்டேன். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நானே யோசித்து ஒரு முடிவுக்கு வருவேன். பெரும்பாலும் அது சரியாகவே அமைந்துவிடும். அதனால் அந்தப் பழக்கம் எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

இங்கே சில வருடங்களாக ‘கிமோனோ அபாயா’ என்று ஒன்று நன்றாக ஓடுகிறது. முன்பக்கம் மேலிருந்து கீழ் வரை திறப்பு, பொத்தான் கிடையாது, கைகள் அகலமாகத் தொங்கும். இடுப்பில் வேண்டுமென்றால் ஒரு பட்டை. கல்லூரிப் பெண்களெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். கறுப்பில் மட்டுமில்லை, சாம்பல், மணல், இளநீலம் என்று எல்லா நிறத்திலும் தைத்துவிட்டேன். கிமோனோ என்றால் எனக்கு அதுதான். அது ஜப்பான்காரர்களுடைய உடையின் பெயர் என்பது கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அசல் கிமோனோ ஒன்றைக் கண்ணால் பார்த்தவனில்லை.

ஒரு நாள் காலை தங்கை ஒரு துணி மூட்டையைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திரைக்குள் வந்தார்.

“அண்ணை, ஒரு கிமோனோ வந்திருக்கு. தோளடியிலை நூல் விட்டிட்டுது. நாளைக்கு மத்தியானம் குடுக்கோணும்.”

“வச்சிட்டுப் போங்க தங்கச்சி. தினம் தைக்கிறதுதானே.”

“இது நீங்கள் தினம் தைக்கிற கிமோனோ இல்லை. மெய்யான கிமோனோ. யப்பானிலை இருந்து வந்தது. கவனம் அண்ணை.”

அவர் சொன்ன விவரம் இது. அந்த ஜப்பான் அம்மாவின் கணவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஒரே மகள், லண்டனில் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு இருபது வயது. அவர்கள் நாட்டில் இருபது வயதாகும் பெண்கள் ஜனவரி மாதத்தில் பட்டுக் கிமோனோ உடுத்திக்கொண்டு ஊர்கூடி விழா எடுப்பார்களாம். இந்தப் பெண்ணால் அதற்குப் போக முடியவில்லை. அதனால் அம்மா தன் இருபதாவது வயதில் உடுத்திய கிமோனோவையே மகளுக்கு உடுத்தி, நாளை மாலை கடற்கரையில் போட்டோ எடுக்கப் போகிறார்கள். நாளை இரவே பெண்ணுக்கு லண்டன் விமானம்.

“நாளைக்கு விட்டா பிறகு இல்லையாம். அந்த மனுசி சொல்லேக்கை எனக்கே ஒரு மாதிரிப் போச்சு,” என்றார் தங்கை.

நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைப் பிரித்தேன். நல்ல கனமான பட்டு. மாதுளம் முத்து நிறம். கீழே போகப் போக வெள்ளைக் கொக்குகளும் பூக்களும். கைகள் ஒவ்வொன்றும் பெரிய பை மாதிரி, உடுத்தினால் கணுக்கால் வரைக்கும் தொங்கும்போல நீளம். கல்யாணமாகாத பெண்களுக்குத்தான் அவ்வளவு நீளக் கை என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கும் ஒரு பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, வளைத்து வெட்டிய துண்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் நேர்த் துண்டுகள். இத்தனை வருடம் துணி வெட்டியவனுக்கு அது பெரிய ஆச்சரியம்.

தோளில் நூல் விட்டிருந்த இடத்தைக் கையாலேயே தைத்து முடித்தேன். முடித்துவிட்டு மடிக்கப் போகும்போதுதான் கவனித்தேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குத் தையலே இல்லை. உடம்புத் துணியின் பக்கவாட்டில் ஒரு திறப்பு. கைத்துணியும் அந்த இடத்தில் உடம்போடு சேராமல் தனியாகத் தொங்கியது.

ஓரங்களைப் பார்த்தேன். சுத்தமாக மடித்து முடித்திருந்தார்கள். அந்த இடத்தில் நான் நிதானித்திருக்க வேண்டும். கிழிந்த இடம் அப்படி இருக்காது. ஆனால் என் மனதில் ஓடியது வேறு. பழைய துணி, முன்பு எப்போதோ யாரோ ஒரு டெய்லர் பிரிந்ததைச் சேர்க்கத் தெரியாமல் ஓரத்தை மட்டும் மடித்துவிட்டுத் தப்பித்திருக்கிறான் என்று நினைத்தேன். வயசுப் பெண் உடுத்துகிற உடுப்பு, அக்குளில் இப்படித் திறந்து கிடந்தால் பாவம் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சங்கடம் என்றும் நினைத்தேன். திரையை விலக்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊசியில் நூல் கோத்தேன்.

அதே மாதுளை நிறத்தில் பட்டு நூல் தேடி எடுத்து, இரண்டு பக்கத் திறப்பையும் மூடி, கைத்துணியையும் உடம்போடு சேர்த்துப் பிடித்து, எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாகத் தைத்தேன். ஒரு வரிசை போதாது என்று அதன் மேல் இன்னொரு வரிசையும் கொடுத்தேன். தைத்த இடமே தெரியவில்லை. அந்த அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தபடி, மனம் நிறைந்து இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன்.

மறுநாள் கடை மத்தியானத்துக்கு அடைக்கிற நேரத்தில் அந்த அம்மா வந்தார். ஒல்லியாக, என் வயதுதான் இருக்கும். திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கிமோனோவின் கையைத் தூக்கி, அக்குள் பக்கம் விரலை விட்டார். விரல் உள்ளே போகவில்லை. மறுபடி விட்டுப் பார்த்தார். அடுத்த கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கிமோனோவை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து வணங்கி, “வெரி பியூட்டிஃபுல், தாங்க்யூ” என்றார். திரும்பவும் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

நான் பெருமையோடு இருந்தேன். தங்கை திரைக்குள் தலையை நீட்டினார்.

“அண்ணை, நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“ஏன், தோளைத் தச்சேன். அக்குள்ல வேற ரெண்டு பக்கமும் விட்டுப்போயிருந்துச்சு. அதையும் சேத்துத் தச்சிட்டேன். அதுக்கெல்லாம் காசு வேணாம்னு சொல்லணும்னு நெனச்சேன்.”

“அந்த மனுசி வாயாலை வடிவு எண்டு சொல்லுது, முகம் அழுற மாதிரி இருக்கு. எனக்கு விளங்கேல்லை.”

நான் எழுந்து முன்பக்கம் வந்தேன். தங்கை தன் போனை எடுத்து, கிமோனோ உடுத்துகிற விதம் என்று தேடி ஒரு வீடியோவைப் போட்டார். இரண்டு பேரும் கல்லாமேஜை மேல் குனிந்து பார்த்தோம். ஒரு பெண் உடுத்திக்கொள்ள, இன்னொரு பெண் உடுத்திவிடுகிறார். கிமோனோ ஆளைவிட நீளமாக இருக்கிறது. மிச்சத்தை இடுப்பில் தூக்கிக் கயிறு கட்டுகிறார்கள். அந்த மிச்சத் துணி வயிற்றில் மூட்டையாகப் பொங்கி நிற்கிறது. அப்போது உடுத்திவிடுகிறவர் இரண்டு கைகளையும், அக்குளுக்குக் கீழே இருக்கும் அந்தத் திறப்பு வழியாக உள்ளே விட்டு, ஒரே தடவு தடவினார். மூட்டை காணாமல் போய், துணி தகடு மாதிரி படிந்தது.

வீடியோ தானாக அடுத்ததுக்குப் போனது.

“அண்ணை,” என்றார் தங்கை மெதுவாக. “கை விடுற வாசலை நீங்கள் அடைச்சுப் போட்டியள்.”

“ஆமா.”

“இறுக்கியோ?”

“ரெண்டு வரிசை.”

“ஏன் ரெண்டு?”

“ஒண்ணு போட்டா விட்டுப்போயிரும்ல.”

தங்கை தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அந்த அம்மாவின் நம்பருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. தங்கை விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் “நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்” என்றே வந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டாலும் நோ ப்ராப்ளம், திருப்பிக் கொண்டு வாருங்கள் என்றாலும் நோ ப்ராப்ளம். திடீரென்று போன் கை மாறியது. மகள் பேசினாள். ஆங்கிலத்தில் வேகமாக. எனக்குப் ‘ப்ளீஸ்’ மட்டும் புரிந்தது.

தங்கை போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “தாய்க்காரி சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு வந்திட்டா. இப்ப வீட்டிலை நகவெட்டியாலை பிரிக்கப் பாக்கினமாம், ஏலாதாம். பட்டு கிழிஞ்சிடும் எண்டு பயமாம். இனி ஜீன்ஸோடை படம் எடுப்பம் எண்டு தாய் சொல்லிப் போட்டாவாம். பிள்ளை அழுகுது. டெய்லரை அனுப்பச் சொல்லிக் கேக்குது. போங்கோ.”

“நானா? நீங்க போயிட்டு வாங்க தங்கச்சி. உங்களுக்குப் பேசத் தெரியும்.”

“எனக்குப் பொத்தான் கூடத் தைக்கத் தெரியாது. வாயாலையே பிரிக்கிறது? தைச்ச ஆள்தான் பிரிக்கோணும். வெயில் இறங்கிறதுக்கு முன்னம் போங்கோ அண்ணை.”

முன்பக்கம் வந்து ஒரு வாடிக்கையாளரிடம் நான் பேசியதே கிடையாது. இப்போது மொழி தெரியாத ஒரு வீட்டுக்குள், அதுவும் அவர்களுடைய விசேஷத்தைக் கெடுத்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் நகவெட்டி என்ற வார்த்தை என்னை உட்காரவிடவில்லை. அந்தப் பட்டில் நகவெட்டியா? நூல் வெட்டும் சின்னக் கத்தரி, மெல்லிய ஊசிகள், ஒரு துண்டு வெள்ளைத் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழக்கமாகப் பிளேடால் பிரிப்பவன். அன்றைக்குப் பிளேடைத் தொடவே இல்லை.

டாக்ஸிக்கார ஓமானிப் பெரியவரிடம் தங்கையே இடத்தைச் சொல்லி ஏற்றிவிட்டார். வழியெல்லாம் ‘சாரி மேடம், மை மிஸ்டேக்’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பெரியவர் கண்ணாடி வழியாக என்னை இரண்டு தடவை பார்த்தார். பிறகு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். நான் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

வீட்டு வாசலிலேயே அந்த அம்மா நின்றார். நான் பயின்று வந்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அவர் குனிந்து வணங்கிவிட்டார். நானும் வணங்கினேன். என் வாக்கியம் அதோடு மறந்துபோயிற்று.

உள்ளே கூடத்தின் நடுவில் பெண் நின்றாள். முடியைத் தூக்கிக் கட்டிப் பூ வைத்து, உதட்டுச்சாயம் போட்டு, கழுத்துக்கு மேலே முழு அலங்காரம். கழுத்துக்குக் கீழே பரிதாபம். கிமோனோவைச் சுற்றி இடுப்பில் கயிறுகள் கட்டி, அதற்கு மேல் வழியில்லாமல் விட்டிருந்தார்கள். வயிற்றில் துணி பொங்கி நின்றது. கைகளை உயர்த்த முடியாமல் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க முயற்சி செய்தாள்.

பக்கத்தில் ஒரு ஓமானிப் பெண் இருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே படித்த சிநேகிதியாம், போட்டோவுக்கு வந்திருக்கிறாள். மணல் நிறக் கிமோனோ அபாயா போட்டிருந்தாள். பார்த்த உடனே என் தையல் என்று தெரிந்தது. நல்ல வேளையாக அந்தப் பெண்ணுக்கு ஹிந்தி தெரியும். எனக்கும் வேலையிடத்து ஹிந்தி கொஞ்சம் வரும்.

“மாஸ்டர், கழற்றட்டுமா என்று கேட்கிறார்கள்,” என்றாள் அவள் ஹிந்தியில். “ஆனால் கழற்றினால் முதலிலிருந்து கட்ட வேண்டும். உள்ளே இன்னும் இரண்டு உடுப்பு இருக்கிறது. அதற்குள் சூரியன் போய்விடும்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜனவரி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆள்மேல் இருக்கும்போதே பிரிப்பது டெய்லர்களுக்குப் புதிதில்லை. ஆனால் அது அக்குள். வயசுப் பெண். நான் கத்தரியை அம்மாவிடம் நீட்டி, நீங்கள் பிரியுங்கள், நான் சொல்கிறேன் என்று சைகை காட்டினேன். அவர் வாங்கினார். கத்தரியின் நுனி பட்டுக்குப் பக்கத்தில் போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நானே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் முதுகில் பெண்ணின் முழங்கையைத் தாங்க வைத்தோம். அம்மா துணியை இழுத்துப் பிடித்தார். உள்ளே வெள்ளைத் துணியைச் செருகினோம், கத்தரி மேலே படாமல் இருக்க. சிநேகிதி போன் விளக்கைக் காட்டினாள். நான் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் தையலைத் தேடினேன்.

காணவில்லை.

நூல் நிறம் அவ்வளவு பொருத்தம், தையல் அவ்வளவு நெருக்கம். முதல் நாள் எதற்காகப் பெருமைப்பட்டேனோ அதுவே எனக்கு எதிரியாகிவிட்டது. துணியை மடக்கி, நிமிர்த்தி, விரல் நுனியால் தடவித் தடவித்தான் முதல் முடிச்சைக் கண்டுபிடித்தேன். அதை ஊசியால் தூக்கி, கத்தரியால் மெல்ல நறுக்கினேன்.

அப்போது பெண் துள்ளினாள். நான் பதறிக் கையை எடுத்துக்கொண்டேன். குத்திவிட்டேனோ என்று உயிரே போய்விட்டது. பார்த்தால் அவள் சிரிக்கிறாள். கிச்சுகிச்சு.

அம்மா ஜப்பானிய மொழியில் அதட்டினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் மறுபடி ஊசியைக் கொண்டு போனேன். மறுபடி துள்ளினாள். இந்த முறை சிநேகிதியும் சிரித்துவிட, விளக்கு வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது.

“பேட்டீ, ஆராம் ஸே,” என்றேன். அமைதியாக நில் மகளே என்று அர்த்தம். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஊரில் என் மகளும் கல்லூரிக்குப் போகிற வயசுதான். ஜாக்கெட் அளவெடுக்கும்போது அவளும் இப்படித்தான் நெளிவாள்.

“கிச்சுகிச்சு வந்தா பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்க,” என்று சிநேகிதியிடம் ஹிந்தியில் சொன்னேன். என் மகளுக்கு நான் சொல்கிற மருந்து அது. சிநேகிதி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பெண் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தாள். நடுவில் தப்பிப்போய், சிநேகிதி திருத்த, இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அந்தச் சண்டையில் அவள் கிச்சுகிச்சுவை மறந்துபோனாள். நான் ஒரு பக்கத்தை முடித்துவிட்டேன்.

மறுபக்கம் சீக்கிரம் முடிந்தது. கடைசி நூலை உருவியதும் அந்த அம்மா கத்தரியை வாங்கி ஓரமாக வைத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அந்தத் திறப்புகளுக்குள் விட்டார். வீடியோவில் பார்த்தது போலவே ஒரே தடவு. பொங்கி நின்ற மூட்டை இறங்கி, இடுப்புக்குக் கீழே நேர்க்கோடாகப் படிந்தது. முதுகுப் பக்கம் கழுத்துத் துணியையும் உள்ளிருந்து இழுத்துச் சரி செய்தார். பெண் கைகளை மேலே தூக்கினாள். நீளக் கைகள் இரண்டும் விரிந்து, கொக்குகள் எல்லாம் வெளியே வந்தன. சிநேகிதி கை தட்டினாள்.

நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அந்த அம்மா, இருங்கள் என்று கையைக் காட்டி, இடுப்பில் சுற்றுகிற பட்டையின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். நம் பட்டுப்புடவைக் கரையை மட்டும் தனியாக எடுத்துக் கெட்டியாக நெய்தது போல நீளமான பட்டை அது. ஒரு நுனியை யாராவது தரையில் படாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டில் புடவை மடிக்கும்போது மனைவி எதிர்முனையை என் கையில் கொடுத்துவிட்டு, “இழுத்துப் பிடிங்க, தூங்காதீங்க” என்று சொல்வாள். அதே வேலை. இவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பார்வை பார்த்தார். அர்த்தம் அதேதான்.

பட்டையைப் பின்னால் பெரிய பூ மாதிரிக் கட்டி முடித்ததும் பெண் அறைக்குள் ஓடிப்போய்க் கறுப்பு பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் பட்டுக்கு உள்ளே ஒரு லேஸ் துணி வேறு எட்டிப் பார்த்தது. நான் திகைத்துப் பார்த்தேன். இவ்வளவு பாடுபட்டது பூட்ஸ் போடவா என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். சிநேகிதி சிரித்துக்கொண்டே, இப்போது அங்கே பெண்கள் இப்படித்தான் போடுகிறார்கள், இதுதான் ஸ்டைல் என்றாள். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை என்பது அவர் மூக்கைச் சுளித்ததில் தெரிந்தது. ஆனால் கீழே குனிந்து அந்த பூட்ஸின் கயிற்றை அவரேதான் கட்டிவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் அந்த அம்மா மகளிடம் ஏதோ நிறையச் சொன்னார். மகள் ஆங்கிலத்தில் சொல்ல, சிநேகிதி ஹிந்தியாக்கி எனக்குச் சொன்னாள். “கடையிலேயே பார்த்துவிட்டாராம். ஆனால் யாரோ ஒருவர் இவர் மகளுக்கு அக்குள் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்து இவ்வளவு அழகாகத் தைத்திருக்கிறார், அவரிடம் போய் எப்படித் தப்பு என்று சொல்வது என்று வந்துவிட்டாராம். சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள் என்கிறார்.”

மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டுக் குனிகிறார். நான் பதிலுக்குக் குனிந்தேன். அவர் அதைவிடக் கீழே குனிந்தார். விட்டுவிடக் கூடாதே என்று நானும் குனிந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. கடைசியில் காத்துக்கொண்டிருந்த டாக்ஸிப் பெரியவர், போதும், கிளம்பலாம் என்ற அர்த்தத்தில் “யல்லா, கலாஸ்” என்று அரபியில் சத்தம் போட்டு முடித்துவைத்தார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தேன்.

போவதற்கு முன் அந்தப் பெண் என்னை இழுத்து நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். மறுநாள் அது தங்கையின் போனுக்கு வந்தது. கூடவே கடற்கரைப் படங்களும். அந்தியின் செம்மையில் மாதுளைப் பட்டும் கொக்குகளுமாக அந்தப் பெண் கைகளை விரித்து நிற்கிறாள். பக்கத்தில் என் மணல் நிற அபாயா காற்றில் பறக்கிறது. என் படத்தைப் பார்த்துத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்தில் அளவு டேப் மாலை மாதிரித் தொங்க, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, அலங்காரப் பெண்ணின் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறேன்.

“மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மாதிரி நிக்கிறியள் அண்ணை,” என்றார்.

அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பினேன். என் மகள் உடனே போன் செய்தாள். கிமோனோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அப்பா, நீங்களா அந்த வீட்டுக்குள்ள தனியாப் போனீங்க? நீங்களாப் பேசினீங்களா?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் பெரிய பேச்சாளன் ஆகிவிடவில்லை. ஆனால் தெரியாத உடுப்பு எது வந்தாலும் எழுந்துபோய், இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். சூடான் நாட்டுப் பெண்மணி ஒருவர், உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் நீளத் துணிக்கு ஓரம் அடிக்கக் கொண்டு வந்தார். இதை எப்படி உடுத்துவீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கடை நடுவிலேயே சுற்றிக் காட்டி, தன் கல்யாணக் கதை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார். நாம் வாய் திறந்து கேட்டால் தொந்தரவாக நினைப்பார்கள் என்றுதான் பாதி வயதுக்கு மேல் பயந்துகொண்டு இருந்தேன். கேட்க மாட்டார்களா என்று மனிதர்கள் எவ்வளவு ஆசையோடு காத்திருக்கிறார்கள் என்பதை அந்த ஜனவரி மாதத்துக்குப் பிறகுதான் நான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.